சொரியாசிஸுக்கு மருந்து எடுக்கிற நாங்கள் பிரஷரையும் ஏன் பார்க்க வேண்டும்

சொரியாசிஸ் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாகத் தோலைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எந்தப் பூச்சு நல்லது, எந்த எண்ணெய் நல்லது, எதைச் சாப்பிடக்கூடாது என்று. நான் எழுத வந்தது அந்தச் செதிலுக்குக் கீழே உடம்பு முழுக்க ஓடுகிற இரத்தக் குழாய்களைப் பற்றி. இலங்கையின் வன்னியில், துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், கொஞ்சம் வயலும் இருக்கிறது, 2009 இல் இருந்து இந்த வருத்தமும் கூடவே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்த வருத்தம் உள்ள ஒருவர்கூட "தோல்தானே" என்று பிரஷர் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வந்தது, போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில். கூடாரத்துக்குக் கூடாரம் சொறி இருந்த காலம் அது. முழங்கையில் சிவந்து வெள்ளைச் செதில் கட்டினதை எல்லாரும் சொறி என்றே எடுத்தார்கள், எல்லாருக்கும் பூசின வெள்ளை மருந்தையே எனக்கும் பூசினார்கள், பக்கத்தில் படுத்தவர்களுக்கு மாறியது, எனக்கு மாறவில்லை. ஊருக்குத் திரும்பி, மண்டை, முழங்கால், நாரி எல்லாம் பரவின பிறகுதான் ஒரு தோல் டொக்டர் செதிலை மெல்லச் சுரண்டி, அடியில் ஊசிமுனை அளவில் இரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசிவதை எனக்கே காட்டி, இது சொரியாசிஸ் என்றார். அந்தப் பொட்டுகள்தான் நான் முதலில் பார்த்த அடையாளம்: தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் விரிந்து, கூடி, மேலே ஏறி வந்து நிற்கின்றன.

வருத்தத்தின் கதை சுருக்கமாக இதுதான். எங்கள் நோய் எதிர்ப்புச் சக்தி, கிருமி இல்லாத இடத்தில் சண்டை பிடிக்கிறது. சாதாரணமாக ஒரு மாதமளவில் அடியில் இருந்து மேலே வந்து உதிர வேண்டிய தோல் கலம், சில நாட்களிலேயே மேலே வந்து குவிகிறது, அதுதான் செதில். இது தொற்றாது. தொட்டாலும் தொற்றாது, ஒரே கிணற்றில் குளித்தாலும் தொற்றாது. இதை நான் என் பாடசாலையிலேயே சொல்ல வேண்டி வந்தது. பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும், வேறு வகுப்புக்கு மாற்றுங்கள் என்று சில பெற்றோர் கேட்டு வந்தார்கள், அதிபர் என்னைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிக் கதைத்தார். அடுத்த நாள் பத்தாம் வகுப்பில் நிர்ப்பீடன (நோய் எதிர்ப்புச் சக்தி) பாடத்தை என் கையைக் காட்டியே படிப்பித்தேன். பிள்ளைகள் கேட்ட கேள்விகள் பெரியவர்கள் கேட்டவற்றை விட நல்ல கேள்விகள். "சேர், அது தோலில மட்டும் தானா சண்டை பிடிக்கும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. தோலில் மட்டும் இல்லை என்பதுதான் சரியான பதில்.

இந்த வருத்தத்தில் சுரக்கிற அழற்சிப் பொருட்கள் (டிஎன்எப், இன்டர்லூக்கின் 17, இன்டர்லூக்கின் 23 என்று பெயர் சொல்வார்கள்) தோலிலேயே நின்றுவிடுவதில்லை, இரத்தத்தோடு சுற்றுகின்றன. இரத்தக் குழாயின் உட்பக்கத்தில் மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது, குழாய் தேவைக்கு விரிவதும் சுருங்குவதும் இரத்தம் ஒட்டாமல் ஓடுவதும் அதன் வேலை. வாய்க்கால் கட்டு உள்ளே அரிபட்டால் அந்த இடத்தில் மண் படிவது போல, அந்தப் படலம் வருசக்கணக்கில் அழற்சிக்குள் கிடந்தால் கொழுப்பு அங்கே உள்ளே இறங்கிப் படிகிறது. 2006 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தானியக் குடும்ப வைத்தியர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு வந்தது. கடுமையான சொரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு வரும் சாத்தியம், அதே வயதில் சொரியாசிஸ் இல்லாதவரை விடச் சுமார் 3 மடங்கு என்று அதில் கண்டார்கள். இளவயதில் மாரடைப்பு அரிது என்பதால் 3 மடங்கு என்றாலும் எண்ணிக்கையில் அது சிறியதுதான், பயந்து நித்திரை கொள்ளாமல் இருக்கத் தேவையில்லை, ஆனால் அலட்சியம் பண்ணவும் ஏலாது. இதயக் குழாய்களை சிரி ஸ்கானில் பார்த்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 2017 இல் வந்தது. சொரியாசிஸ்காரருடைய குழாய்களில் இருந்த படிவு, அவர்களை விட 10 வயது மூத்த, கொலஸ்ட்ரோல் கூடின ஆட்களுடைய அளவுக்கு இருந்தது என்றார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது வாசித்து அல்ல, ஒரு கிளினிக் மேசையில்.

அதற்கு முதல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊசி போட்டால் ஒரு கிழமையில் மாறும் என்று சொல்லி ஒரு தனியார் இடத்தில் எனக்கு ஸ்டீரொய்ட் ஊசியும் பிரெட்னிசலோன் குளிசையும் தந்தார்கள். மாறியதுதான். நிறுத்தினதும் முந்தியதை விட மோசமாக, உடம்பெல்லாம் சிவந்து, நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பது போல எரிந்து, குளிரில் நடுங்கி, வார்டில் படுக்க வேண்டி வந்தது. சொரியாசிஸ்காரருக்கு வாயாலோ ஊசியாலோ ஸ்டீரொய்ட் கொடுத்துத் திடீரென நிறுத்தினால் இப்படிக் கிளம்பும் என்பது தோல் டொக்டர்மார் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதே ஸ்டீரொய்ட்தான் பிரஷரையும் சீனியையும் ஏற்றும், வயிற்றில் கொழுப்பையும் வைக்கும். ஆகவே யாராவது "ஒரு ஊசி போதும்" என்றால், என்ன ஊசி என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள் என்றால் போட வேண்டாம்.

வார்டில் வைத்து சைக்ளோஸ்போரின் தொடங்கினார்கள். வேகமாக வேலை செய்கிற மருந்து. சில கிழமைகளில் முதுகு கிட்டத்தட்ட வெறும் தோலாகிவிட்டது, மனைவி முதுகில் எண்ணெய் பூசிக்கொண்டு "இஞ்ச ஒண்டுமே இல்லையப்பா" என்றாள். அந்தச் சந்தோசத்தோடுதான் அடுத்த கிளினிக்குப் போனேன். அன்று இருந்தவர் இளம் பெண் டொக்டர். நான் முதுகைக் காட்ட சேட்டைக் கழற்றப் போக, அவர் முதலில் கையை நீட்டச் சொன்னார்.

"சேர், கடைசியா எப்ப பிரஷர் பாத்தனீங்கள்?"

"இஞ்ச துண்டு வெட்டேக்க நீங்கள் பாத்ததுதான், டொக்டர்."

பட்டியைச் சுற்றும்போது புயத்தில் மிச்சம் இருந்த செதில் கொட்டி மேசையில் விழுந்தது. நான் கையால் தட்டப் போனேன். "அது கிடக்கட்டும், ஆடாமல் இருங்கோ" என்றார். 160க்கு 100. கொஞ்ச நேரம் ஆறி இருக்க விட்டு மறுபடி பார்த்தார், கிட்டத்தட்ட அதேதான். கொப்பியின் முன்பக்கத்தைப் புரட்டினார், தொடங்கும்போது 130க்கு 80 என்று எழுதியிருந்தது. தோல் சுத்தமாகிக்கொண்டு வந்த அதே கிழமைகளில் பிரஷர் ஏறிக்கொண்டு போயிருக்கிறது, எனக்குத் தலையிடிகூட இல்லை.

சைக்ளோஸ்போரின் சிறுநீரகத்துக்குப் போகிற சிறிய இரத்தக் குழாய்களை இறுக்கும், அதனால் பிரஷர் ஏறும், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற இரத்த அளவு) ஏறும். இது அந்த மருந்தின் தெரிந்த குணம், அதனால்தான் அதை நீண்ட காலத்துக்குக் கொடுப்பதில்லை. ஆனால் டொக்டர் அதோடு நிறுத்தவில்லை. மருந்தை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது, இந்த வருத்தம் கடுமையாக உள்ளவர்களுக்கு மருந்து இல்லாமலே இரத்தக் குழாய் பழுதாகிற வேகம் கூட, ஆகவே கொலஸ்ட்ரோலும் சீனியும் இன்றைக்கே பார்க்க வேண்டும் என்று துண்டு எழுதித் தந்தார். கெட்ட கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது. சீனி எல்லையில் நின்றது. அன்றைக்கு அந்தப் பட்டியைச் சுற்றாமல் முதுகைப் பார்த்து "நல்லம்" என்று அனுப்பியிருந்தால் நான் சந்தோசமாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விஷயம் உறுதி: தோல் சுத்தமாவதும் இரத்தக் குழாய் சுகமாவதும் ஒன்றல்ல. ஒவ்வொரு மருந்தும் குழாய் பக்கம் என்ன செய்கிறது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இப்போது நான் எடுப்பது மெதோட்ரெக்ஸேட். கிழமைக்கு ஒருநாள், எனக்கு ஞாயிறு. கிழமைக்கு ஒருநாள் என்பதை மறந்து நாளாந்தம் விழுங்கி உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு, அதனால் குளிசைப் பையில் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி வையுங்கள், வயதானவர்கள் என்றால் வீட்டில் ஒருவர் எடுத்துக் கொடுங்கள். வேறு நாளில் போலிக் அசிட். ஈரலுக்கும் இரத்தக் கலங்களுக்கும் ஒழுங்காக இரத்தப் பரிசோதனை. செப்ட்ரின் என்கிற அன்டிபயோட்டிக் இதோடு சேரவே கூடாது, காய்ச்சலுக்கோ சலக்கடுப்புக்கோ வேறு இடத்தில் மருந்து எடுக்கும்போது மெதோட்ரெக்ஸேட் எடுக்கிறேன் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். பிள்ளை பெற நினைக்கிற பெண்கள் இதை எடுக்கக் கூடாது, சொரியாசிஸுக்குத் தருகிற இன்னொரு மருந்தான அசிட்ரெட்டின் இன்னும் கடுமை, அதை நிறுத்தி 3 வருசம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பது விதி. அசிட்ரெட்டின் டிரைகிளிசரைட் கொழுப்பையும் கொலஸ்ட்ரோலையும் ஏற்றும். கிளினிக் வாங்கில் பழக்கமான ஒரு ஐயாவுக்கு அதனால் கொழுப்பு ஏறி மருந்தின் அளவைக் குறைத்தார்கள், அவர் சாப்பாட்டைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெதோட்ரெக்ஸேட் எடுக்கிற சொரியாசிஸ், மூட்டுவாதக்காரருக்கு மாரடைப்பு குறைவாகக் காணப்படுகிறது என்று பல அவதானிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. அதை வாசித்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்த அல்லது இதயக் குழாய்கள் பலவற்றில் அடைப்புள்ள, அதோடு சீனி வருத்தமோ அதற்கு முன்னோடியான கோளாறுகளோ உள்ள ஆட்களுக்குக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு 2018 இறுதியில் வந்தது, அதில் மாரடைப்பு குறையவில்லை. அவர்கள் சொரியாசிஸ்காரர் என்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல, ஆகவே எங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் "மெதோட்ரெக்ஸேட் எடுக்கிறேன், இதயத்துக்கும் அதுவே போதும்" என்று நினைக்க இடமில்லை. பயோலொஜிக் என்கிற விலை கூடின ஊசிகளிலும் கதை ஒரே மாதிரி இல்லை. பெருநாடியில் அழற்சி எவ்வளவு என்று ஸ்கான் பண்ணிப் பார்த்த பரிசோதனைகளில் உஸ்டெகினுமாப் 12 கிழமையில் குறைத்தது, அது ஒரு வருசம் வரை நிலைக்கவில்லை. அடலிமுமாப், செகுகினுமாப் இரண்டும் வெற்று ஊசியை விட வித்தியாசம் காட்டவில்லை. அதே நேரம், ஒரு வருசம் பயோலொஜிக் எடுத்தவர்களின் இதயக் குழாய்ப் படிவு கொஞ்சம் சுருங்கினதாக 2019 இல் ஒரு அவதானிப்பு ஆய்வு வந்தது. நம்பிக்கை இருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. அந்த ஊசி கிடைக்காத எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்வது: பிரஷர்க் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை, புகையை விடுதல் ஆகியவற்றால் மாரடைப்பு குறையும் என்பது எப்போதோ நிரூபணமான விஷயம். பிரஷர்க் குளிசையும் கொலஸ்ட்ரோல் குளிசையும் எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கின்றன.

அந்தக் குளிசைகளிலும் தெரிவு இருக்கிறது. பிரஷருக்கு மெடிக்கல் கிளினிக்குக்குப் போனபோது அங்கே அட்டெனொலோல் எழுதத் தொடங்கினார்கள். சேட்டு நீளக் கை, செதில் ஒன்றும் வெளியே தெரியவில்லை, எழுதினவருக்கு எப்படித் தெரியும்? சொரியாசிஸ் இருக்கிறது என்றேன். பேனை நின்றது. பீட்டா புளொக்கர் வகை மருந்துகள் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பும், ஆகவே அம்லோடிப்பின் எழுதினார். (இதயத்துக்கு அது கட்டாயம் தேவைப்படுகிற ஆட்களும் உண்டு, ஏற்கெனவே எடுக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது, திடீர் நிறுத்தம் இதயத்துக்கு ஆபத்து.) சைக்ளோஸ்போரின் எடுக்கும்போது சிம்வாஸ்டட்டின் எடுத்தால் தசை உருகிச் சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து உண்டு, ஆகவே என் கொலஸ்ட்ரோல் குளிசையைச் சைக்ளோஸ்போரின் நிறுத்தின பிறகுதான் தொடங்கினார்கள். ஒரு கிளினிக் தருவது மற்றக் கிளினிக்குக்குத் தெரியாவிட்டால் இதெல்லாம் யார் கவனிப்பது? நான் இரண்டு கொப்பியையும் ஒரே ரப்பர் பாண்டில் போட்டுக் கொண்டுபோய் இரண்டு மேசையிலும் இரண்டையும் வைக்கிறேன். மிஸ்ஸி (தாதி) "இது மற்றக் கிளினிக் கொப்பி" என்று திருப்பித் தந்தாலும் "டொக்டர் பாக்கோணும் மிஸ்ஸி" என்று திரும்ப வைப்பேன்.

எங்கள் மண்ணுக்கென்று சில விஷயங்கள் உண்டு. வன்னியில் மலேரியா வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில் குளோரோகுவின் விழுங்காத ஆள் இல்லை, அந்த மருந்து சொரியாசிஸைக் கிளப்பக் கூடியது, பழைய ஆட்களில் சிலர் "காய்ச்சலுக்குப் பிறகு தோல் போச்சு" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டு விட்டது, ஆனால் அதன் உறவு மருந்தான ஹைட்ரொக்சிகுளோரோகுவின் மூட்டு நோவுக்கு இப்போதும் எழுதப்படுகிறது, அங்கேயும் சொரியாசிஸ் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்தது சிறுநீரகம். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் கமக்காரரிடையே இருக்கிறது. மெதோட்ரெக்ஸேட் வெளியேறுவது சிறுநீரகத்தால்தான், அது பலவீனமாக இருந்தால் மருந்து உடம்பில் தேங்கும். வயலில் வெயிலோடு நின்று நாரி நோவுக்கு டைக்ளோபெனக் வாங்கி விழுங்குவது எங்கள் ஆட்களுக்குச் சர்வசாதாரணம், அது சிறுநீரகத்தையும் பிரஷரையும் சேர்த்துக் கெடுக்கும். கிரியேட்டினின் பார்க்காமல் இந்த மருந்துகளைத் தொடங்க விடாதீர்கள்.

நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கச் சொல்லாத சொந்தக்காரர் எனக்கு இல்லை. புதூருக்குப் போய்ப் பொங்கினேன், மனதுக்கு அது தந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், மனப்பாரம் இந்த வருத்தத்தைக் கிளப்புவது உண்மை. சித்த வைத்தியத்தில் வெட்பாலைத் தைலமும் பூசிப் பார்த்தேன், சோளகக் காலத்துக் காய்ந்த தோலுக்கு எண்ணெய்ப்பசை நல்லது, தேங்காயெண்ணெய்கூட. வெளியே பூசுவது ஒன்று, உள்ளே குடிப்பது வேறு. பற்பம், செந்தூரம் போன்றவற்றை மெதோட்ரெக்ஸேட்டோடு சேர்த்து எடுக்க நினைத்தால் ஈரல், சிறுநீரகப் பரிசோதனையோடு இரண்டு வைத்தியருக்கும் சொல்லிவிட்டு எடுங்கள். கள்ளு, சாராயம் மெதோட்ரெக்ஸேட்டோடு ஈரலைத் தாக்கும். சுருட்டும் சிகரெட்டும் செதிலையும் கூட்டும், குழாயையும் அடைக்கும். வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் அப்படியே விட வேண்டியதுதான்.

சாப்பாட்டில் நான் மாற்றினது பெரிதாக ஒன்றும் இல்லை. இரவில் சோற்றைக் குறைத்துக் குரக்கன் புட்டு, கருவாட்டுக்குப் பதில் முல்லைத்தீவில் இருந்து வருகிற பச்சை மீன், உப்புக் குறைவு, பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளை விட்டுச் சைக்கிள். இடுப்புச் சுற்று எங்கள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80க்கும் உள்ளே நிற்க வேண்டும், தையல்காரரின் நாடா போதும் பார்ப்பதற்கு. நிறை குறைந்தபோது செதிலும் குறைந்தது. விடியக் கொஞ்ச நேர வெயில் தோலுக்கு நல்லது, மத்தியான வெயிலில் தோல் எரிந்தால் எரிந்த இடத்திலேயே புதிதாகக் கிளம்பும். கீறல், காயம் பட்ட இடத்திலும் அப்படித்தான், அதனால் அரிவு வெட்டு நாட்களில் நீளக் கைச் சேட்டோடுதான் வயலில் இறங்குவேன்.

வருத்தம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க உங்கள் உள்ளங்கையே அளவு: விரல்களோடு சேர்த்து ஒரு கை கிட்டத்தட்ட உடம்பின் 1 வீதம். 10 கைக்கு மேல் என்றால் கடுமை என்று எடுத்து, வயது குறைவென்று பாராமல் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க இதயநோய் வழிகாட்டிகளிலேயே சொரியாசிஸ் ஆபத்தைக் கூட்டுகிற காரணியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது, டொக்டரிடம் அதைச் சொல்லியே கேட்கலாம். விடிய எழும்பும்போது விரல் மூட்டு வீங்கி இறுகிக் கிடந்தால் அதையும் சொல்லுங்கள், தோலோடு மூட்டும் சேர்ந்தால் மருந்து மாறும். நெஞ்சு இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்கு ஓடுகிற நோவு, காரணமில்லாத வியர்வை வந்தால் வாய்வு என்று இஞ்சி இடித்துக்கொண்டு இருக்காமல் 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வீட்டு வாசலுக்கு வரும்.

போன வருசம் தங்கச்சியின் மகனுக்கு மண்டையில் தொடங்கியிருக்கிறது. இது குடும்பத்தில் ஓடக் கூடியது. பொடுகு என்று சலூனில் சொன்னார்களாம், காதுக்குப் பின்னால் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெடியன் உடுப்புக் கழற்றக் கூச்சப்பட்டு நின்றான், டொக்டர் மண்டையைப் பார்த்துப் பூச்சு எழுதினார். எழுதி முடிய நான் "இவருக்குப் பிரஷரும் ஒருக்காப் பாருங்கோ டொக்டர்" என்றேன். 118க்கு 76. அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் திகதியோடு எழுதி வாங்கினோம்.